ஒன்பது பேரில் ஒரு நிலம்

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. நான் நிற்கவில்லை. இன்று திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி ‘மிஷின்காரர் வீடு’ என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். நெல் அரைக்கிற ஹல்லரில் மூட்டை சுமக்கத்தான் முதலில் வந்தேன். பிறகு டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டேன், இன்ஜின் ஓட்டினேன், கடைசியில் அந்த ஹல்லரையே வாங்கினேன். என் முண்டாசைப் பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் என் மில் வாசலில் வேலை கேட்டு நின்றார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்குப் பாத்தியதை இருக்கிறது.

ஆனால் இவ்வளவு தைரியசாலியான நான், ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில். ஊர் நிலத்தில் பாதி ஒரே மிராசு குடும்பத்துக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரிய மிராசுவுக்கு நிலம், கோர்ட்டு, கோயில் நிர்வாகம், வருகிற போகிற அதிகாரிக்கு விருந்து. சின்ன மிராசுவுக்குக் கல்யாணமும் இல்லை, வழக்கும் இல்லை, எழுத்து மட்டும்தான். மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறையில் இருந்துகொண்டு உடம்பு, உயிர், மூச்சு என்று எழுதித் தள்ளுவார். அவருக்குக் குரு யாருமில்லை. காவி கட்டவும் இல்லை. நாலு பேரைக் கூட்டி உபதேசம் செய்ததும் கிடையாது. தானே யோசித்து, தானே எழுதி, தானே சணல் போட்டுக் கட்டி வைத்துக்கொள்வார்.

என்னிடம் அவர் வந்தது இன்ஜின் சத்தத்துக்காக. ஒரு நாள் மில் வாசலில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நெல் அரைக்க வந்தவர் போலத் தெரியவில்லை.

“இது உள்ளுக்குள்ள என்ன பண்ணுது?” என்றார்.

“இழுக்குதுங்க, அமுக்குதுங்க, வெடிக்குதுங்க, வெளிய விடுதுங்க. நாலே வேலைதான்” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். “மூச்சுக்கு மூணு வேலைன்னுதான் எழுதி வச்சிருக்கேன். இழுக்குறது, நிறுத்துறது, விடுறது. நாலாவது ஒண்ணு இருக்கும்போல இருக்கே, மிஷின்காரரே!”

அந்தக் கடைசி ‘ரே’யைக் கவனியுங்கள். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் வாடா, போடா. மரியாதை வைத்து என்னைக் கூப்பிட்ட முதல் மிராசு அவர்தான். அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் இன்ஜின் ரூமில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மூச்சைப் பற்றிச் சொல்வார், நான் இன்ஜினைப் பற்றிச் சொல்வேன். என் பேச்சில் பாதி அவர் எழுத்தில் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அவருடைய கொள்கை எளிதானது. இந்தக் காவிரி நாடு மல்லாந்து படுத்திருக்கும் ஒரு மனித உடம்பு. கல்லணை நெற்றி. திருக்காட்டுப்பள்ளி தொண்டை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை கால் விரல்; அதனால்தான் தண்ணீர் அங்கே போய்ச் சேருவதற்குள் மரத்துப் போகிறது. ‘உடம்புக்கும் பாசனத்துக்கும் நம்ம பாஷைல ஒரே வார்த்தைதான் பாருங்க’ என்பார். வாய் என்றால் வாயும் உண்டு, வாய்க்கால் தலைப்பும் உண்டு. கண் என்றால் முகத்திலும் இருக்கிறது, மதகிலும் இருக்கிறது. கால் என்றால் நடக்கிற காலும் தண்ணீர் ஓடுகிற காலும். ‘ஒரே பேரைச் சும்மாவா வச்சிருப்பான்?’ என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

சாவுக்கு அவர் வைத்த பெயர் ஜமாபந்தி. தாசில்தார் வந்து ஊர்க் கணக்கைப் பார்ப்பது வருஷா வருஷம். உயிருக்கு ஒரே தடவைதான் என்பார். உடம்புக்கு அவர் வைத்த பெயர்தான் பின்னால் என் உயிரை வாங்கியது. பட்டா நம் பேரில் இருக்கிறது, உடையவன் வேறு ஒருத்தன். ஆகவே உடம்பு பினாமி.

எழுதுவதற்கு அவர் காகிதம் வாங்கியதை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை, உர மூட்டை விளம்பரம், எல்லாக் கட்சி தேர்தல் நோட்டீசும் அவருக்கு வேண்டும். ஒரு பக்கத்தில் ‘உங்கள் வாக்கு’ என்று அச்சடித்திருக்கும். மறுபக்கத்தில் மூச்சுக் கணக்கு இருக்கும். எந்தக் கட்சி ஜெயித்தாலும் அவருக்குக் காகிதப் பஞ்சம் வந்ததில்லை.

ஒரு நாள் அவரே கேட்டார். “மிஷின்காரரே, நிலம் வாங்கிக்கிறீங்களா? என் பங்குல வாய்க்கால் தலைப்புல ஏழு மா இருக்கு.”

ஏழு மா என்றால் இரண்டு ஏக்கருக்கு மேல். கேட்டதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் அப்பன் அந்த வயலில்தான் கூலிக்கு நாற்று பறித்தார். தலைமடை நிலம், முதல் தண்ணீர் பாயும் நிலம். என் வகையறாவில் சொந்தமாக ஒரு குழி நிலம் வைத்திருந்தவன் கிடையாது. அவருடைய அறையிலேயே விலையைக் கொடுத்தேன். பக்கத்தில் மாடுகள் தவிர வேறு சாட்சியில்லை. பத்திரம் பதிந்தது. பெரிய மிராசு தம்பியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மறு வருஷம் சின்ன மிராசு படுத்த படுக்கையானார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார்.

“நான் போனா அண்ணன் இத அடுப்புல போட்டுடுவாரு. உங்க மில்லுல ஈரம் வராது. நனைய விடாதீங்க. கரையான் ஏற விடாதீங்க.”

“உங்க கூட்டெழுத்து எனக்குப் படிக்க வராதுங்களே.”

“படிக்கச் சொல்லலியே. வச்சிருங்க, போதும்.”

இன்ஜின் ரூம் பரணில் வைத்தேன். அந்தத் தை மாதம் அவருக்கு ஜமாபந்தி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் காலம் கெட்டது. ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பைச் சென்னையில் இன்னும் கீழே இறக்கிவிட்டார்கள். அறுவடைக் கூலிக்காகச் செங்கொடி பிடித்தவர்கள் ஒரு பக்கம், மிராசுகள் அடியாள் வைத்துக்கொண்டு ஒரு பக்கம். வயலில் அரிவாள் எடுத்தால் அது கதிருக்கா கழுத்துக்கா என்று தெரியாத நாட்கள். பெரிய குடும்பங்கள் உபரி நிலத்தைச் சமையல்காரர் பேரில், வண்டிக்காரர் பேரில், செத்துப்போன அத்தை பேரில் மாற்றி வைத்திருந்தன. வீட்டு நாய்க்கும் ஒரு பட்டா இருக்கிறது என்று டீக்கடையில் சிரிப்பார்கள். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் பினாமி நிலத்தையெல்லாம் வெளியே எடு என்று மனுப் போட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் என் ஏழு மா அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. பதிந்தும் அதிக நாள் ஆகவில்லை. வாங்கியவன் முன்னாள் மூட்டை தூக்கி. ‘இவனுக்கு ஏது இவ்வளவு வசதி, மிராசு இவன் பேரில் ஒளித்து வைத்திருக்கிறார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வயல் உபரிக் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் அது யார் யாருக்கோ பங்காகிவிடும். ராத்திரிச் சோறு இறங்கவில்லை. விடிந்தால் வரப்பில் போய் நிற்பேன். கோடை உளுந்து அதன்பாட்டுக்குக் காய் பிடித்துக்கொண்டிருக்கும். எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

அப்போதுதான் பரணில் இருக்கும் பெட்டி நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் எதை எழுதித் தொலைத்தாரோ?

என் மனைவியின் அப்பா மளிகைக்கடையில் கணக்கு எழுதியவர். அதனால் அவளுக்குக் கூட்டெழுத்து படிக்க வரும். ஒரு மத்தியானம் இன்ஜினை நிறுத்தி, மில் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பெட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். வசம்பு வாடை குப்பென்று வந்தது. கட்டுக் கட்டாகப் பார்த்தாள். மூச்சு, நாடி, கல்லணை என்று படித்துக்கொண்டே வந்தவள், ஒரு தாளில் நின்றுவிட்டாள்.

“ஏங்க, இதுல உங்க பேரு இருக்கு.”

“என்னான்னு இருக்கு?”

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மேலே ‘ஒன்பது பேரில் ஒரு நிலம்’ என்று தலைப்பு. கீழே வரிசையாக: வ. கண், இ. கண், வ. காது, இ. காது என்று தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஊரில் ஒருத்தர் பேர். தலையாரி பேர் இருந்தது, முடி வெட்டுகிறவர் பேர் இருந்தது, கோயில் பூசாரி பேர் இருந்தது. கடைசி வரியில் ‘வாய்’ என்று எழுதி, அதற்கு நேரே என் முழுப் பேர், தகப்பன் பேரோடு. அடியில் ஒரு வாக்கியம்: ‘உடையவன் ஒருவனே, ஒன்பதும் பினாமி.’ அதற்கும் கீழே மூலையில் ‘பி.பா.’ என்று இரண்டு எழுத்து.

அவர் உடம்பைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியாதவன் கண்ணில் வைத்துப் பார்த்தால்? வ. கண் என்பது வடக்கு மதகுக் கண். வாய் என்பது வாய்க்கால் தலைப்பு. என் வயல் இருப்பதும் அங்கேதான். பினாமி என்று மிராசுவே தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்!

“பி.பா.ன்னா என்ன?”

அவள் தாளைத் திருப்பினாள். பார்த்தாள். சட்டென்று மடித்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது.

“பின்னால என்ன?”

“ஒண்ணுமில்ல. அசிங்கமா எழுதி வச்சிருக்காரு உங்க சின்ன மிராசு. என்னால அத வாயால படிக்க முடியாது.”

“நிலம் போகப் போவுது, இவளுக்கு வெக்கம் வந்துடுச்சு!”

“போவட்டும். இந்தக் கண்றாவிய மொதல்ல கொளுத்துங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தத் தாளை மட்டும் மடியில் செருகிக்கொண்டு நெல் அவிக்கிற அடுப்புக்குப் போனேன். உமி எரிகிற அடுப்பு. பக்கத்தில் நின்றாலே முடி கருகும். தாளை எடுத்தேன். ‘நனைய விடாதீங்க’ என்றுதானே சொன்னார், எரிக்காதே என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகிப் பேசினேன். கை நீண்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் உமி தள்ளுகிற ஆள் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றான்.

“என்ன மொதலாளி, காகிதத்த எரிக்கிறீங்க? உமி பத்தலியா?”

கையை இழுத்துக்கொண்டேன். எரித்தாலும் இனி இவன் சாட்சி. எரித்தது எதை என்ற கேள்விக்கு ஊரே ஒரு பதில் வைத்திருக்கும். தாளைப் பழையபடி மடியில் செருகினேன். அதுவும் லாபமில்லை. பொழுது சாய்வதற்குள், மிஷின்காரர் மிராசு வீட்டுக் காகிதத்தை அடுப்பில் போடப் போனார் என்று டீக்கடை வரை போய்விட்டது.

மறுநாள் கணக்குப்பிள்ளை வந்தார். கிராமத்து நிலக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான் அப்போது. பெரிய மிராசு வீட்டு வெற்றிலை அவர் வாயில் எப்போதும் இருக்கும். சமையல்காரர் பேருக்கும் வண்டிக்காரர் பேருக்கும் நிலத்தை மாற்றி எழுதிய பேனா அவருடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். எவனுக்கும் நிரூபிக்கத் தெரியாது.

“என்னய்யா மொதலாளி, வேள்வி ஏதோ நடத்தினீராமே?”

“வேள்வியா? எனக்கு நெல்லு அவிக்கவே நேரமில்லீங்க.”

“பயப்படாதீரும். என்கிட்ட காட்டும். வில்லங்கம் இருக்கா இல்லையான்னு படிச்சுச் சொல்லிட்டுப் போறேன்.”

பயந்தவன் புத்தி எப்படிப் போகும் என்று பாருங்கள். ஒளித்தால் சந்தேகம் கூடும், காட்டினால் ஒன்றுமில்லை என்று இவரே ஊரில் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது. பென்சிலை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பவில்லை. சின்ன மிராசு காகிதம் என்றால் மறுபக்கம் தேர்தல் நோட்டீசுதான் இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

“சமாசாரம் ஒண்ணுமில்ல, பத்திரமா வச்சுக்கும். கிழிச்சு வச்சுடாதீரும்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய மிராசுவின் மேல் விழ வேண்டிய கத்தியைத் திருப்புவதற்கு நானே அவருக்குக் கைப்பிடி கொடுத்திருக்கிறேன். சின்னச் சின்ன ஆட்களின் நிலத்தையெல்லாம் பினாமி என்று காட்டிக் கணக்கை நிரப்பிவிட்டால், பெரியவருடைய அசல் பினாமியை யாரும் தேடமாட்டார்கள்.

நோட்டீசு வந்தது. காகிதங்களோடு தஞ்சாவூர் ஆபீசுக்கு வந்து விசாரணையில் ஆஜராக வேண்டும் என்று. விசாரணை நாள் வருகிற வரைக்கும் நான் மனிதனாக இல்லை. பெல்ட் அறுந்தது போல ஒரு சத்தம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்களைக் காரணமில்லாமல் திட்டினேன். கரையேறும்போது வழுக்கினால்கூட ‘போச்சு, சகுனம்’ என்று நின்றுவிடுவேன். பத்திரத்தை எடுத்துத் தடவிப் பார்ப்பேன், வைப்பேன், பூட்டினேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். என் மகனுக்கு அப்போது நடக்கிற வயசு. அவனை வரப்பில் இறக்கிவிட்டு ‘இது நம்ம வயல்’ என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரணை நாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தகரப் பெட்டியைத் துண்டில் கட்டிக் கிளம்பினேன். மனைவி வாசல் வரை வந்தாள்.

“ஆபீசர் கேட்டா, பின்பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்க.”

“அதுல என்னதான் எழுதியிருக்கு? சொல்லித் தொலையேன்!”

“நான் சொல்லமாட்டேன். அவங்க படிக்கட்டும். கட்டாயமா படிக்கச் சொல்லுங்க” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பூதலூர் வழியாகப் போன பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். எதிரே கணக்குப்பிள்ளை, கையில் நகலோடு. ஒரு நாற்காலியில் பெரிய மிராசு, என்னை ஈயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு. கதவோரம் சங்கத்துக்காரர் ஒருவர். கறுத்து மெலிந்த நடவாள், நாட்டு வைத்தியமும் பார்ப்பவர். மனுப் போட்டவர் அவர்தான்.

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். “வ. கண்ணுன்னா என்ன?”

“வடக்குக் கண்ணுங்க, மதகுல” என்றார் கணக்குப்பிள்ளை. “வாய்னா வாய்க்கால் தலைப்பு. இவர் வயல் அங்கதான். பேரும் இருக்கு. அடியில பாருங்க, பினாமின்னு சின்னவரே கைப்பட எழுதி, பி.பா.ன்னு வேற போட்டிருக்காரு.”

“பி.பா.?”

“பினாமி பாத்தியதைங்க.”

“ஐயா, அது உடம்புங்க!” என்றேன். “கண்ணு, காது, மூக்கு, வாய். அவரு உடம்பத்தான் நிலம்னு எழுதுவாருங்க.”

பெரிய மிராசு வாய்க்குள் சிரித்தார். “உடம்பாம்! அப்ப ஊர்க்காரன் பேரெல்லாம் எதுக்குடா அதுல?”

அதிகாரி விரலால் எண்ணினார். “தலைப்புல ஒன்பது பேருன்னு இருக்கு. இங்க ஏழுதான் இருக்கு. மிச்சம் ரெண்டு பேர் எங்க?”

கணக்குப்பிள்ளை இதற்குத்தான் காத்திருந்தார். “அதத்தாங்க இவரு அடுப்புல போட்டிருக்காரு. சாட்சி இருக்கு.”

பினாமிக்காரன் என்றதோடு நிற்கவில்லை, சாட்சியத்தை எரித்தவன் என்றும் ஆகிவிட்டது. ஏழு மா கண் முன்னால் தண்ணீரில் மூழ்குவது போல இருந்தது. அந்த நேரத்தில் முந்தானை பொத்திய வாய் ஒன்று நினைவுக்கு வந்தது.

“பின்பக்கத்தப் படிங்கய்யா” என்றேன்.

அதிகாரி தாளைத் திருப்பினார். “அட, பின்பக்கம் பார்க்க! அதான் பி.பா.வா?” என்றவர் சத்தமாகப் படித்தார். “கீழ்வாசல் இரண்டும் பின்னால். ஒன்று, கருவாய். நேரே மருத்துவச்சி பேரு போட்டிருக்கு. ரெண்டு, எருவாய்...” நிமிர்ந்து கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். “இதுக்கு நேரே உங்க பேர் இருக்கே?”

கதவோரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சங்கத்துக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

அதிகாரிக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம். உண்ட சோறு எருவாகி வெளியேறுகிற வாய் எருவாய். வைத்தியர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“எருவாய்ங்கிறது எந்த வயல்?” என்று அதிகாரி நிஜமாகவே கேட்டார். “அப்ப உங்க பேர்லயும் பினாமி நிலம் இருக்கா?”

கணக்குப்பிள்ளையின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வயல் என்று சொன்னால் அவரும் பினாமி. வேலையும் போகும், நிலமும் போகும். வயல் இல்லை என்றால் தாள் முழுக்க உடம்புதான் என்று ஆகிவிடும்; அப்புறம் அந்த உடம்பில் அவர் எந்த இடம் என்பதையும் அவரே சொல்லியாக வேண்டும். வெற்றிலையை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், விக்கல் எடுத்தது.

“சொல்லுங்க. வயலா?”

“வயல்... இல்லீங்க.”

“பின்ன?”

“உடம்புல ஒரு எடங்க.”

“எந்த இடம்?”

“...உக்கார்ற எடங்க.”

அதிகாரிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது. சங்கத்துக்காரர் துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, இந்தக் கண்ணையும் வாயையும் விட்டுருங்க. பெரியவர் வீட்டுச் சமையக்காரரு பேர்ல மூணு வேலி இருக்கு, இருபது ஏக்கரு, அதப் பாருங்க. நம்ம ஊர்ல வயக்காடு எந்தத் தெசையில இருக்குன்னே அந்தாளுக்குத் தெரியாது.”

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார். பெரிய மிராசு அப்போது சிரிக்கவில்லை. என் தாளின் ஓரத்தில் ‘இது நில ஆவணம் அன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சீல் குத்திக் கொடுத்தார்கள். பெட்டியைத் துண்டில் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர் சங்கத்துக்காரர்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலி. கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில். உட்கார்ந்தேன். திருக்காட்டுப்பள்ளி வரப்போகிற நேரத்தில்தான் அவர் வாயைத் திறந்தார்.

“அந்த மனுஷனுக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணினேன்? உமக்கு வாய். எனக்கு அந்த எடமா?”

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் எனக்குச் செய்யப் பார்த்ததற்கு நான் நன்றாகக் கேட்டிருக்கலாம். ஆனால் பயம் இறங்கின உடம்பில் கோபத்துக்குத் தெம்பு இல்லை.

“அவரு அதக் கேவலமா நெனைக்கலீங்க” என்றேன். “எங்கிட்ட ஒரு தடவ சொன்னாரு. வாயக் கட்டினவன் மாசக்கணக்குல இருந்துடுவான், அது அடைச்சவன் ராஜாவா இருந்தாலும் தாங்கமாட்டான்னு. ஊரு அழுக்கெல்லாம் ஒரு வழியாத்தான் வெளிய போவணுமாம். அப்புறம் அதுதானாம் வயலுக்கு எரு.”

“நெசமாவா அப்படிச் சொன்னாரு?”

“ஆமாங்க.”

அவர் சொன்னாரா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. சொல்லக்கூடியவர்தான். அவர் சொல்லாததை நான் சொல்லியிருந்தால், எனக்கு வாய் என்று பேர் வைத்தவர்தான் அதற்கும் பொறுப்பு.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள்.

“நிலம்?”

“நம்மளதுதான்.”

“பின்பக்கம் படிச்சாங்களா?”

“படிச்சாங்க. அந்தாளே அர்த்தம் சொன்னாரு.”

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பிறகு அவளே சொன்னாள், “உங்களுக்கும் சரியான எடத்தத்தான் குடுத்திருக்காரு.”

அதற்குப் பிறகு அந்த ஏழு மாவோடு இன்னும் பல மா சேர்த்தேன், உச்சவரம்புக்கு உள்ளேதான். சமையல்காரர் பேரில் இருந்த நிலம் வெளியே வர வெகு காலமாயிற்று. வந்ததில் கொஞ்சம் அந்தச் சங்கத்துக்காரருக்கும் கிடைத்தது. அந்தத் தாளில் இருந்த மற்ற எட்டுப் பேருக்கும் ஜமாபந்தி முடிந்துவிட்டது. என் காது மந்தம், கண்ணில் ஆபரேஷன். வாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘உடையவன் ஒருவனே’ என்ற அந்த வரி அன்று என் நிலத்தைப் பயமுறுத்தியது. இப்போது அதை நினைத்தால் உடம்புக்குள் வேறு எங்கோ பயமுறுத்துகிறது. அதற்குச் சீல் குத்திக் கொடுக்க எந்த ஆபீசும் இல்லை.

ஆடி பிறந்தால் பெட்டியைத் திறந்து வசம்பு மாற்றுகிறேன். கரையான் ஏறவில்லை, நனையவும் இல்லை. ஒன்று மட்டும் பழக்கமாகிவிட்டது. பேரன் கொண்டுவருகிற பள்ளிக்கூடச் சீட்டானாலும் சரி, வாசலில் கொடுக்கிற தேர்தல் நோட்டீசானாலும் சரி, திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் நான் கீழே வைப்பதில்லை.